தென்மேற்கு மூலையின் காற்று

இன்று காலை மெட்டுகுடாவில் உன் அண்ணன் வீட்டில் உன் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றினார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. எல்லாரும் கைகூப்பி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகை ஊதுபத்தி. மற்றவர்களுக்கு அது பூஜை அறை வாசனை. எனக்கு நாம் இருவரும் கட்டட வரைபடம் போட்ட நம் ஆபீஸ் வாசனை.

சாமி படம் ஒன்றுகூட இல்லாத ஆபீஸில், டேப்பும் ஸ்கேலும் கிடக்கிற டிராயர் நிறைய எதற்கு ஊதுபத்தி என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே, "காத்துக்கு" என்பாய். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. எந்த மனைக்குப் போனாலும் மூலைக்கு ஒன்றாக மண்ணில் குத்தி ஏற்றிவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிடுவாய். புகை எங்கே சாய்கிறது, எங்கே திகைத்து நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பென்சில் எடுப்பாய். முதல் கோடு வாட்ச்மேன் அறைக்கு. காற்று முதலில் நுழைகிற மூலை எதுவோ அது அவருக்கு. மற்றவர்களின் பெட்ரூம், ஹால், கார் எல்லாம் அப்புறம்.

நாம் சேர்ந்து தொழில் தொடங்கிய புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வீட்டுக்காரருக்கு முன்னாடி வாட்ச்மேனுக்கா வரைவாவ?" என்று என் திருநெல்வேலித் தமிழில் கத்துவேன். உன் தமிழோ வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் தமிழ், பாதிக்குப் பாதி தக்கணி உருது. "நக்கோடி, வேணாம், சும்மா இரு. நீ எத்தனை அபார்ட்மென்ட் பாத்திருக்கே? படிக்கட்டுக்கு அடியில ஒரு பொந்து. பக்கத்துல ஜெனரேட்டர். மேல் வீட்டு ஏசியெல்லாம் அனலை அங்கதான் துப்புது. அதுக்குள்ள புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பசங்க. வாசல்ல பசுமைக் கட்டடம்னு போர்டு மட்டும் பளபளன்னு இருக்கு. அந்தப் பசுமை கீழ மட்டும் இறங்கி வரமாட்டேங்குது. கைக்கு?"

தக்கணியில் 'ஏன்' என்று கேட்கிற உன் அந்தக் 'கைக்கு' வந்தால் நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிடுவேன்.

மாரெட்பள்ளி மனை நினைவிருக்கிறதா? நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி ஃபிளாட் கட்டவேண்டும். மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற தெலுங்குக்காரர்தான் மனைக்குச் சொந்தக்காரர். நீ வழக்கம்போல ஊதுபத்தியை நட்டுவிட்டுக் குந்தியிருந்தாய். தெருவில் போன இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் தேங்காயோடு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மனைக்காரர் காரில் வந்து இறங்கினார். தன்னைக் கூப்பிடாமல் தன் மனையிலேயே பூமி பூஜை நடக்கிறது என்று நினைத்து அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! தேங்காயை யார் உடைப்பது என்று தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "பூஜை இல்ல சார், காத்து பாக்கறோம்" என்று நீ தெலுங்கில் சொன்னதும் அவர் முகம் இன்னும் கறுத்தது.

வரைபடத்தைக் காட்டிய அன்று நிலைமை அதைவிட மோசம். அந்த மனையில் நல்ல காற்று வருவது தென்மேற்கிலிருந்து. அந்த மூலையில் வாட்ச்மேன் குடும்பத்துக்கு ஓர் அறை, மேற்கு வெயிலை மறைக்கத் துளைகள் விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர், முன்னால் சின்னதாய் ஒரு முற்றம், அதில் ஒரு வேப்பங்கன்று. சுவரின் வழியே நுழைகிற காற்று முற்றத்தைக் கடந்து, படிக்கட்டு வழியாக மேலேறி, ஒவ்வொரு மாடிக்கும் போய், கூரைக்கடியில் விட்ட திறப்பு வழியே வெளியேறும். முற்றத்தை அடைத்தால் மூன்றாவது மாடிக்கும் மூச்சுமுட்டும். வேண்டுமென்றே அப்படித்தான் நீ முடிச்சுப் போட்டிருந்தாய். ஆனால் அவர் கண்ணில் பட்டது வாஸ்துவில் நைருதி என்று சொல்கிற அந்தத் தென்மேற்கு ஒன்றுதான். "நைருதி மூலை! வீட்டு எஜமான் இருக்கவேண்டிய இடம். அங்கே வாட்ச்மேனா? அதுவும் ஒரு கார் நிற்கிற இடத்தை வீணாக்கி?"

வேலை கைநழுவிப் போகிறது என்று நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன். ஆபீஸ் வாடகைக்கு நாம் திண்டாடிய காலம் அது. நீயோ நிதானமாக, "அடுத்த மீட்டிங்கை நீங்க இப்ப குடியிருக்கிற அபார்ட்மென்ட்டிலேயே வெச்சுக்கலாமா சார்?" என்றாய். மே மாதத்து நடுப்பகல். அவரை நீ கூட்டிக்கொண்டு போனது அவருடைய ஃபிளாட்டுக்கு இல்லை, கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்த வாட்ச்மேன் அறைக்கு. அங்கே குடியிருந்தவளிடம் முன்னாடியே கேட்டு வைத்திருந்தாய். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. நீ வரைபடத்தை விரித்து, சாவகாசமாய் ஒவ்வொரு கதவாக விளக்க ஆரம்பித்தாய். அவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"ஆனா வாஸ்து?" என்றார் கடைசியாக. குரல் இறங்கியிருந்தது.

"நைருதியில எஜமான் இருக்கணும், அவ்வளவுதானே சார்? நீங்க காலைல வாக்கிங் போவீங்க, சாயந்திரம் கிளப்புக்குப் போவீங்க. நாள் பூரா பில்டிங்கை விட்டு நகராம இருக்கறது யாரு?"

அவர் உன்னை முறைத்தார். பிறகு எதிர்பாராமல் சிரித்துவிட்டார். "சரே, கானிவ்வண்டி" என்றார். சரி, நடக்கட்டும். அன்று ஆட்டோவில் திரும்பும்போது நீ நம் வாடகைப் பாக்கியை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாய். உனக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் உனக்குத் தெரியாததுபோல் எழுதக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த மாரெட்பள்ளிக் கட்டடத்திலிருந்து கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே குடியிருப்பவர்களின் சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தலைவருக்கு இரண்டாவது கார் வாங்கியாகிவிட்டது. முற்றத்துக்குத் தகரக்கூரை போட்டு, ஜாலிச் சுவரை இடித்து வழி விட்டால் கார் நிற்கும். வாட்ச்மேன் குடும்பத்தை வெளியே எங்காவது தங்கச் சொல்லிவிடலாம். கட்டியவர்கள் என்ற முறையில் நான் சம்மதிக்கவேண்டுமாம். நீ இல்லாமல் எப்படி வாதாடப் போகிறேன் என்று திருமுல்கேரியில் இருக்கிற என் வீட்டிலிருந்து போகும் வழியெல்லாம் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

போனால் நாற்காலிகளையெல்லாம் அந்த முற்றத்தில் போட்டிருந்தார்கள். போடச் சொன்னவர் நம் பழைய மனைக்காரர். இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறார், கையில் தடி. வேம்பு இரண்டாவது மாடியைத் தொட்டுவிட்டது. வாட்ச்மேனின் மனைவி லட்சுமி கதவோரம் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். பத்து வருஷத்துக்கும் மேலாக அவள் வீடு அது. தலைவர் கார் கதையை ஆரம்பித்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே வேப்பிலை அசைகிறது, அவருடைய காகிதங்களே பறக்கின்றன. கூட்டத்தில் ஒருவருக்கும் எழுந்து போக மனமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் கிழவர் தடியால் தரையைத் தட்டினார். "தலைவரே, இது நைருதி மூலை. இங்கே எஜமான்தான் இருக்கணும். நீங்க காலையில ஆபீஸ் போயிடுறீங்க. நாள் பூரா இங்கேயே இருக்கிறது யாரு?"

அத்தனையும் உன் வார்த்தை! தன் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் இரண்டாவது மாடிப் பெண் எழுந்து, "இதை மூடினா எங்க வீட்டுக் கிச்சன்ல நிக்க முடியாது" என்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டார். முற்றம் அப்படியே இருக்கும். லட்சுமி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அந்த அம்மா வரலையா?" என்று தெலுங்கில் கேட்டாள். நீ போய்விட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜாலிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறதடி. அடக்கமாகச் சொல்லவெல்லாம் எனக்கு வராது. உன்னோடு சேர்ந்து தொழில் செய்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இன்று காலைக்கு வருகிறேன். உன் படத்துக்கு முன் புகை ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. ஏசி போட்டு ஹாலை இறுக்க மூடியிருந்தார்கள். பின்னால் சமையலறையில், வந்தவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த பெண் வியர்வையைத் தோளில் துடைத்துத் துடைத்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் மேற்கு ஜன்னலைத் திறந்தேன். உன் அண்ணி, "கைக்கு? ஏசி ஓடுதே" என்றாள். ஏசியையும் அணைத்தேன். புகை ஒரு நொடி தடுமாறியது. பிறகு வளைந்து, எங்கள் எல்லாரையும் தாண்டி, நேராகச் சமையலறைக்குள் போனது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.