கெலின் ஓடமாட்டாள்

ஜனவரி 17

தங்கை ஜிபெக் இன்று ‘மா’ எழுத்து வரை வந்துவிட்டாள். நாளுக்கு ஒரு எழுத்து என்று நான் போட்ட திட்டம் இதுவரை தவறவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் அலிப்பே என்கிற எழுத்துப் புத்தகத்தை முடித்ததும் பள்ளியில் விழா நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் அட்டையில் வெட்டிய ஒரு எழுத்தை மாட்டிக்கொண்டு, அதற்கான பாட்டைச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கிடைத்திருப்பது ‘யா’. கடைசி எழுத்து.

“கடைசின்னா நான் தோத்துட்டேனாக்கா?”

எல்லாரும் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துகிறவள் நீதான் என்றேன். அது பிடித்துப்போய் வீட்டில் இருந்த கதவை எல்லாம் திறந்து திறந்து சாத்தினாள். கீழே பட்டறையில் தையல் இயந்திரங்களுக்கு நடுவிலிருந்து அம்மா கத்தினாள்: “சூடு எல்லாம் வெளிய போகுதுடி! நிலக்கரிய உங்கப்பன் மாஸ்கோவுலேர்ந்து தூக்கிட்டு வருவானா?”

ஜனவரி 23

சிம்கென்டிலிருந்து ரவ்ஷான் பெரியம்மா வந்திருந்தார். எங்களிடம் மொத்தமாகத் துணி எடுத்து எல்லைக்கு இரண்டு பக்கமும் விற்பவர்; உறவில்லை, மரியாதைக்குப் பெரியம்மா. அவர் வந்தால் வீட்டில் இறைச்சி வேகும். இந்த முறை துணி வெட்ட ஒரு புது அளவு அட்டை கொண்டுவந்தார். ஐந்து வயது முதல் எட்டு வயது வரையிலான சிறுமிகளுக்கு, கல்யாணப் பெண் உடுப்பு. கூடவே உயரக் குதிகால் செருப்பு, வெள்ளை முக்காடு, உதட்டுச் சாயம், எல்லாம் ஒரே உறையில். பெயர் ‘சின்னக் கெலின்’.

அம்மா அட்டையை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“நெஞ்சுக்கிட்ட எதுக்குக்கா டாட் மடிப்பு புடிக்கிறது? குழந்தைக்கு நேரா வெட்டினாப் போதுமே.”

“பெரியவங்க அட்டையத்தான் சின்னதாக்கியிருக்கு. அப்படியே தைம்மா. அதான் இப்ப போகுது.”

“ஆறு வயசுப் புள்ள இதப் போட்டுட்டு எப்படி ஓடும்?”

“ஓடுறதுக்கு வேற துணி இல்லயா?” என்று பெரியம்மா சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். குளிர்காலம் முழுக்க வேறு வேலை வரவில்லை. கீழே தைக்கிற மூன்று அக்காமாரும் தலையைத் தூக்கவில்லை.

கெலின் என்றால் மணப்பெண். மருமகளுக்கும் அதே சொல்தான். அகராதியில் தேடினேன். ‘வா’ என்ற வினையிலிருந்து பிறந்தது, ‘வந்தவள்’ என்று பொருள். எங்கிருந்து வந்தாள் என்று அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 2

பட்டறையில் ஜிபெக்குக்கு அந்த உடுப்பைப் போட்டு, விளம்பரத்துக்குப் படமும் காணொளியும் எடுத்தார்கள். பெரியம்மாவே அவளுக்குச் சாயம் பூசினார். ஜிபெக் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவரப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தாள். பெரியம்மா தூக்கி நிறுத்தி, “மெதுவாடி. கெலின் ஓடமாட்டா” என்றார். அடுத்த முறை ஜிபெக் அடி அடியாக நடந்து வந்து, கைப்பேசியைப் பார்த்துத் தானாகவே சொன்னாள்: “கெலின் ஓடமாட்டா.” எல்லாரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்றைய பெரிய கூத்து. பெரியம்மா தன் காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றி ஜிபெக்குக்குப் போட்டுவிட்டார்.

“அவ்ளோதான், தோடு போட்டாச்சு! எம் பேரனுக்கு எட்டு வயசு. இவ இனிமே எங்க வீட்டுப் பொண்ணு. அலிப்பே முடிக்கட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பட்டறையே சிரித்தது. இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தவர்களும் உண்டு. நானும் சிரித்தேன். தோடு போட்டால் பெண் பேசி முடிந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தானே அது வேடிக்கை?

ஜிபெக் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கமாக இருக்கும்.

பிப்ரவரி 9

அப்பா மாஸ்கோவிலிருந்து பேசினார். அம்மா ஜிபெக்கின் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தாள்.

“பார்த்தேன், துணி நல்லாத்தான் இருக்கு. யாரு அந்தப் பொண்ணு? கண்ணு ரொம்பப் பெருசா இருக்கு. சரி, நம்ம ஜிபெக் படம் ஒண்ணு அனுப்பேன், பார்த்து நாளாச்சு.”

அம்மா கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “அனுப்புறேன்” என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 15

ஜிபெக் படிக்க மறுக்கிறாள். கடைசி நான்கு எழுத்துதான் பாக்கி. எவ்வளவு வேகமாகப் படித்த குழந்தை! கெஞ்சினேன், கோபித்தேன், உலர்ந்த ஆப்ரிகாட் காட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நேற்று தெரிந்த எழுத்தைக்கூட இன்று தெரியாது என்கிறாள். நான் ஏதாவது தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனா?

பிப்ரவரி 20

படுக்கையை நனைத்துவிட்டாள். இது மூன்றாவது முறை. நானே துவைத்து அடுப்புப் பக்கம் காயப்போட்டேன்.

பிப்ரவரி 26

அலிப்பேயில் கடைசிப் பக்கம் இல்லை. கிழிக்கப்பட்டிருக்கிறது. “எலி” என்றாள் ஜிபெக்.

மார்ச் 1

உடுப்பு உறைகள் அச்சாகி வந்தன. எல்லா உறையிலும் ஜிபெக். கீழே தங்க எழுத்தில்: ‘கெலின் ஓடமாட்டாள்!’ மூட்டை மூட்டையாக வாசலில் வண்டியில் ஏற்றினார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜிபெக் காணாமல் போனாள். வெட்டுத்துணிக் குவியலுக்குள் புகுந்து, மேலே துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். “ஒளிஞ்சு விளையாடுறா” என்றாள் அம்மா. விளையாடுகிறவர்கள் அப்படி நடுங்குவார்களா?

மார்ச் 5

பள்ளியில் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்குக் கூட்டத்தில் பேச வராது என்று என்னையும் அழைத்துப்போனாள். கடைக்கு வந்த நாலே நாளில், விழாவுக்குப் பாதிச் சிறுமிகளுக்கு ‘சின்னக் கெலின்’ வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சத்தம் கிளம்பிவிட்டது.

சிற்றுந்து ஓட்டும் ஒரு அப்பா எழுந்தார். பெரிய கை, அதில் தொப்பியைப் பிசைந்துகொண்டே பேசினார். “எம் பொண்ணு ஏழு வயசு. அவ சித்தி அத வாங்கிக் குடுத்துச்சு. போட்டுக்கிட்டு எம் வண்டியிலயே ஏறினா. பின்னாடி ஒருத்தன் கேக்குறான், ‘கெலின் தனியா எங்க போகுது’ன்னு. என்னால கேட்டுட்டு ஓட்ட முடியல. வண்டிய ஓரங்கட்டி அவன எறக்கிவிட்டேன். நாளைக்கு நான் ஓட்டாத வண்டியில அவ போனா?”

“பாக்குறவன் கண்ணு கெட்டுப்போனா துணி என்ன பண்ணும்?” என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா. “புள்ள ஆசப்படுது. வாங்கித் தரலன்னா ஒரே அழுகை.”

“புள்ள ஆசப்படல. காட்டி ஆசப்பட வெக்கிறாங்க,” என்றது வேறொரு குரல். “கண்ணுக்கு மையி, ஒதட்டுக்குச் சாயம்! இத உக்காந்து தச்சவளுக்கு ஒரு பொண்ணு இருக்காதா?”

அம்மாவின் சட்டைக் கையில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. அதை எடுக்கப்போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்வரை விடவில்லை. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. உறையில் இருப்பது ஜிபெக் என்றும் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியவில்லையே.

மார்ச் 7

அம்மா கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது ஜிபெக்கின் பழைய பள்ளிப்பை கிடைத்தது. உள்ளே ஒரு காலுறை, அவள் தேநீர் குடிக்கும் கிண்ணம், காய்ந்த ரொட்டித் துண்டுகள், நாலாக மடித்த அந்தக் கடைசிப் பக்கம்.

“எதுக்குடி இது?”

ஜிபெக் மெதுவாகச் சொன்னாள். “பெரியம்மா கூட்டிட்டுப் போனா அங்க எனக்குக் கிண்ணம் இருக்காது.”

“எங்க கூட்டிட்டுப் போனா?”

“அவங்க வீட்டுக்கு. தோடு போட்டுட்டாங்கல்ல. அய்சாதா அக்காவுக்கும் தோடுதானே போட்டாங்க. அப்புறம் கார் வந்துச்சு. அவங்க அழுதாங்க, யாரும் எறக்கி விடலயே.” போன இலையுதிர் காலத்தில் மாமா மகள் அய்சாதாவின் கல்யாணத்தை அவள் என் மடியில் உட்கார்ந்துதான் பார்த்தாள். “அலிப்பே முடிச்சாத்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னாங்க. அதான் நான் முடிக்கல.”

ஒரு மாதம்! ஒரு மாதமாக இந்தக் குழந்தை எழுத்துகளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. நான் ஆப்ரிகாட் காட்டியிருக்கிறேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அது விளையாட்டுடி தங்கம்” என்றாள். ஜிபெக் அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “அப்ப ஏன் தோட்ட இன்னும் கழட்டல?”

பதில் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தோட்டைக் கழற்றித் திருப்பினால், பேசிய சம்பந்தத்தை முகத்தில் எறிந்ததாக ஆகும். விளையாட்டுக்குப் போட்டிருந்தாலும்தான். அடுத்த முறை பெரியம்மா வரும்போது காதில் அது இருக்க வேண்டும் என்று அம்மா விட்டு வைத்திருந்தாள். ஆக, அது விளையாட்டு இல்லை என்று எங்கள் வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவள் ஜிபெக் ஒருத்திதான்.

மார்ச் 9

ரவ்ஷான் பெரியம்மா வந்தார். ரொட்டியை வைத்தோம், அம்மா தேநீர் ஊற்றினாள். பிறகு தோட்டைக் கைக்குட்டையில் சுற்றி மேசையில் வைத்தாள்.

“என்னம்மா இது? என்னையவா அவமானப்படுத்துற? ஒரு சிரிப்புக்குச் சொன்னதுக்கு?”

“சிரிப்புன்னு புள்ளைக்கு யாருமே சொல்லலக்கா. நானும் சொல்லல.”

“ஒலகமே போடுது. நீ தைக்கலன்னா பின்னாடித் தெருவுல தைப்பான்.”

“தைக்கட்டும். எம் பொண்ணு படத்த மட்டும் எடுத்துடுங்க.”

“அது எந்தெந்த ஊருக்கோ போயாச்சு. எங்கன்னு போய்ப் பொறுக்குவேன்?”

தேநீரைத் தொடாமல் எழுந்தார். அளவு அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அம்மா ஜிபெக்கைக் கூப்பிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினாள். “பாரு, ஒண்ணுமில்ல.” ஜிபெக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். “ஓட்டை இருக்கே” என்றாள்.

மார்ச் 21

நூருஸ், வசந்தப் புத்தாண்டு. கீழே இயந்திரங்களுக்குப் போர்வை போர்த்தியிருக்கிறோம். அக்காமார் மூவரும் பின்தெருப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். அதையேதான் அங்கேயும் தைக்கிறார்களாம்.

மார்ச் 30

கிழிந்த பக்கத்தை மாவுப்பசையால் ஒட்டினேன். ஜிபெக் ‘யா’ படித்தாள். படித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். நாங்கள் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எந்த வண்டியும் வரவில்லை.

ஏப்ரல் 12

விழா முடிந்தது. தலைமையாசிரியை தடுத்தும் நான்கு சிறுமிகள் அந்த உடுப்பில்தான் வந்தார்கள். எழுத்து அட்டையை அதற்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். ஜிபெக் பழைய சீருடையில், கழுத்தில் ‘யா’. பாட்டை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அம்மா அழுதாள், நான் கைதட்டினேன்.

பிறகு பிள்ளைகள் எல்லாரும் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். படிக்கட்டில் யாருடைய தங்கையோ, ஐந்து வயது இருக்கும், அதே வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் கூப்பிட, அது தாவாயை உயர்த்தி, விளம்பரக் காணொளியில் ஜிபெக் சொன்ன அதே இழுப்போடு சொன்னது: “கெலின் ஓடமாட்டா.”

ஜிபெக் நின்றுவிட்டாள். எழுத்து அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அந்தக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, செருப்பு வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை. குழந்தையும் காலைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தது.

“ஓடு” என்றாள் ஜிபெக்.

அது வெறுங்காலோடு நின்று அவளையே பார்த்தது. “நீயும் வா.”

ஜிபெக் முற்றத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற கார்களைப் பார்த்தாள். பிறகு அதன் கையைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக, மெதுவாக நடந்து போனாள்.