பத்து நிமிடம் முந்திய கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை முடிந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: மாமனார், என் கணவர், அவர் தம்பி, அந்தத் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை, நான். வேறு யாரும் இல்லை.

டீ ஆறிப்போயிருந்தது. கொழுந்தன் டம்ளரைத் தங்கையின் முகத்தில் வீசினான். அது தெறித்து இன்டர்நெட் மோடத்தின் மேல் கவிழ்ந்தது. பிறகு பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் நெற்றியைக் கதவு நிலையில் மோதினான். ஒரு தடவை இல்லை. நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். என் கணவர் எழுந்தார். எழுந்து, வாசல் கதவைச் சாத்தினார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதாம்.

மாமனார்தான் "கையை எடுடா நாயே" என்றார். அவன் எடுத்தான்.

மாமனார் முகத்தில் தெரிந்த வெட்கம் ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நடந்ததை ஆறு வரியில் அடித்தேன். "மாமா, நீங்க பாத்ததுதானே. போடுங்க" என்றேன். காண்டிராக்ட் வேலைக்காக வைத்திருக்கும் கையெழுத்து டோக்கனை, பென்டிரைவ் மாதிரி இருப்பதை, செருகி ரகசிய எண்ணை அழுத்தி, டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

என் கணவர்: "என்னை இதுல இழுக்காத. எனக்கு இருக்கறது ஒரு தம்பி."

தரையைத் துடைத்தேன். இரண்டு வாளித் தண்ணீர்.

மார்ச் 4

தங்கைக்கு நெற்றியில் தையல். டாக்டரிடம் "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். நானும் மறுக்கவில்லை. உதடு வீங்கியிருந்தது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 12

அவளைச் சம்மதிக்கவைத்துப் புகாரில் கையெழுத்து வாங்கி, அதோடு மாமனார் கையெழுத்திட்ட பத்திரத்தையும் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு அதிகாரி அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைக் காட்டினால் அவன் அவளை நெருங்கக் கூடாதென்று உத்தரவு வாங்கலாம் என்கிறார். அது வந்தால் என் தங்கை உயிரோடு இருப்பாள். அவ்வளவுதான் நான் கேட்பது.

மார்ச் 21, சனி

அதிகாரி போன் செய்தார். "உங்க மாமனார் டோக்கன் தொலைஞ்சுபோச்சுன்னு அன்னிக்குக் காலையிலயே கையெழுத்துச் சான்றிதழை ரத்து பண்ணியிருக்காரும்மா. இந்தக் கையெழுத்து ரத்துக்கு அப்புறம் விழுந்திருக்கு. செல்லாது."

அப்புறமா? எப்படி அப்புறம்? என் கண் முன்னால் போட்டுவிட்டுத்தானே மாடிக்குப் போனார்?

பிறகு புரிந்தது. பிரார்த்தனைக்குப் பிந்தக் கூடாதென்று இந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் முந்தி ஓடும். மாமனார் கட்டளை. கம்ப்யூட்டர் கடிகாரத்தையும் அப்படி வைத்தவள் நான்.

மாமனார் அன்று கையெழுத்துப் போட்டது என் புரோகிராம் வழியாக. எங்கள் பிரார்த்தனை மன்றத்தின் ரசீதுகளுக்குக் கையெழுத்துச் சேர்க்க நானே தட்டுத்தடுமாறிக் கற்று எழுதிய புரோகிராம் அது. சான்றிதழ் காலாவதியானதும் பழைய ரசீதெல்லாம் செல்லாமல் போனதால், வெளியே ஒரு நம்பகமான நிறுவனத்திடமிருந்து இணையத்தில் நேர முத்திரை வாங்கி ஒட்டவும், அந்த நொடியில் சான்றிதழ் உயிரோடிருந்ததற்கான அத்தாட்சியை உள்ளேயே பதிக்கவும் பழகினேன். அப்படிப் பதித்துவிட்டால் பிறகு சான்றிதழ் செத்தாலும் கையெழுத்து சாகாது. ஆனால் இணையம் இல்லாத நாளில் ரசீது நிற்கக் கூடாதே என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்: வெளி நேரம் கிடைக்காவிட்டால் நம் கம்ப்யூட்டர் நேரத்தைப் போட்டுக்கொண்டு போ.

டம்ளர் விழுந்து மோடம் செத்துக் கிடந்தது. புரோகிராம் நான் சொன்னபடி செய்தது: மாமனார் மாடிக்குப் போய் ரத்து செய்த நேரத்தைவிடப் பிந்திய நேரம் கையெழுத்தில் விழுந்தது.

மாடியேறிப் போய்க் கேட்டேன். "பாத்தீங்களா இல்லையா மாமா?"

"பாத்தேம்மா. ஆனா அவன் என் ரத்தம்."

"கூடத்துல நான் துடைச்சது?"



மார்ச் 22

பிரார்த்தனையில் கொழுந்தன் சாக வேண்டுமென்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காய் நறுக்கினேன். கத்தியைச் சாணை பிடித்தது நல்லதாய்ப் போயிற்று. ஆண்டவனே, நான் இப்படி எழுதுகிறவள் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ.

"கையெழுத்துப் போட்டுப் புகார் குடுத்தியாமே. எந்தக் கைடீ?" என்றான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் காலால் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். அவள் கத்தியது மனிதச் சத்தமாக இல்லை. நான் குக்கர் மூடியால் அவன் பிடரியில் அடித்தேன். பலம் கொண்ட மட்டும். கொல்லத்தான் அடித்தேன், பொய் எழுத மாட்டேன். விழவில்லை. திரும்பி என் வயிற்றில் உதைத்தான். பிறகு சுத்தியலை எடுத்து வந்து கம்ப்யூட்டரை நொறுக்கினான். திரை, பெட்டி, விசைப்பலகை, அப்புறம் பிரிண்டர்.

"பிரிண்டர் உன்னை என்னடா பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்த வாய்?

என் கணவர் குளியலறையில் இருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, எல்லாம் அடங்கும்வரை உள்ளேயே இருந்தார்.

ஏப்ரல் 3

ஆஸ்பத்திரி. மூன்று விரல் எலும்பு முறிவு. இந்தத் தடவை டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே தங்கை சொன்னாள்: "நான் விழல. என் புருஷன் உடைச்சார்."

டாக்டரம்மா காய அறிக்கையை எழுதி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "ஆனா என் சான்றிதழ் இந்த மாசத்தோட முடியுதேம்மா. கேஸ் எடுக்கறப்போ செல்லாதுன்னு சொல்லிட மாட்டாங்களா?"

"முடியட்டும் டாக்டர். அதுக்கு வழி இருக்கு."

மன்றத்துக் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். புரோகிராமின் நகல் அங்கே இருந்தது. முதல் வேலையாக அந்த வரியை அழித்தேன். வெளி நேரம் கிடைக்காவிட்டால் இனி வேலை நிற்கட்டும். முதல் தடவை நின்றது. வயிறு வலித்தது, காத்திருந்தேன். அடுத்த தடவை முத்திரை வந்தது. அத்தாட்சியைப் பதித்து, மொத்தத்தின் மேலும் இன்னொரு முத்திரை வைத்து, அதிகாரிக்கு அனுப்பினேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 20

வாடகை அறை, நானும் தங்கையும். ஒரு ஜன்னல். தாழ்ப்பாளை நானே வாங்கிப் போட்டேன்.

காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டது என்கிறானாம் கொழுந்தன். "அறிக்கை காயத்தைச் சொல்லும், யார் பண்ணினதுன்னு சொல்லாது" என்றார் அதிகாரி. "நீங்க அக்கா, உங்க பேச்சு மட்டும் போதாது. அவன் அடிக்கிறதைப் பாத்தவங்க அவன் வீட்டாள்ல ஒருத்தராவது சொல்லணும்."

மே 8, வெள்ளி

டாக்டரம்மாவின் சான்றிதழ் போன வாரம் காலாவதியாகிவிட்டது. இன்று அறிக்கையைத் திறந்து பார்த்தேன். கையெழுத்து செல்லும் என்றே காட்டுகிறது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடது கையால் தலை வாரிக்கொண்டே பார்த்தாள். "என் விரலைவிட கெட்டி" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

இங்கே கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்திருக்கிறேன். பிரார்த்தனைக்கு ஒரு நாளும் பிந்தவில்லை.

பிற்பகலில் என் கணவருக்கு அனுப்பியதன் நகல்:

மார்ச் மூன்றாம் தேதி காலை கூடத்தில் நீங்களும் இருந்தீர்கள். கதவைச் சாத்தியது நீங்கள்தான். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. போனிலேயே கையெழுத்துப் போடலாம். அடுத்த வாரம் விசாரணை. போடுவீர்களா, மாட்டீர்களா? பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள்.