அத்தை திறக்காத அழைப்பிதழ்

கே.கே. நகர், மதுரை
கார்த்திகை 12

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நலமில்லாதது என் போன் ஒன்றுதான். அதை முழுக்க அழித்துப் புதிதாக்கித் தருவதாக ஆரப்பாளையத்துக் கடைக்காரர் வாங்கி வைத்திருக்கிறார். அப்பா போனில் பேசலாம்தான். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச முடியாது, அதனால் கடிதம்.

கான்பூரில் உட்கார்ந்து நீ ஆராய்கிற கணினிப் புழு நம் வீட்டுக்கே வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு நாகலக்ஷ்மி எண்ணிலிருந்து ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்’ என்று ஒன்று வந்தது. அவர் மகன் கல்யாணமாக்கும் என்று தொட்டேன். ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்துத் தொலைத்தேன். அரை மணி நேரத்தில் என் போன் தானாகவே அதே அழைப்பிதழை என்னிடமிருந்த எல்லா எண்ணுக்கும் அனுப்பியிருந்தது; உனக்கும் வந்திருக்கும். வங்கியில் சொல்லிக் கணக்கை நிறுத்திவைத்தோம். ஒன்றும் போகவில்லை, பயப்படாதே.

போன விடுமுறையில் தாளில் ஆளுக்கொரு புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினாயே, புழு பூட்டை உடைப்பதில்லை, தெரிந்தவர் பெயரைச் சொல்லி உள்ளே வரும் என்று. அப்படியே நடந்தது. உன் மலைச்சாமி மாமா ஒரே நிமிடத்தில் திறந்தார். திறந்ததோடு விட்டாரா? உனக்குத்தான் கல்யாணம் என்று நம்பி, நான் யாரையாவது அழைக்காமல் விட்டிருப்பேன், நாளைக்கு அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தன் கையாலேயே இருபது பேருக்கு வேறு அனுப்பினார். புழுவுக்கே இவ்வளவு பொறுப்பு இருந்திருக்காது.

நான் பயந்தது செல்லக்கிளி அத்தையை நினைத்து. மகளிர் குழுத் தலைவி. சமயநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் அறுநூறு பேர் அவர் போனில் இருக்கிறார்கள். அவர் திறந்தால் தீர்ந்தது. எச்சரிக்கலாமென்றால், அவர் மகன் அழகுபாண்டியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து மூன்று வருடமாக அவர் நம்மோடு பேசுவதில்லை. கூடப் பிறந்த ஒரே தங்கை பேசாததில் அப்பா பாதியாகிப்போனது உனக்கும் தெரியும். அன்றைக்கு அப்பா நாலு முறை கூப்பிட்டார். அத்தை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. அத்தை! செருப்பைக்கூடக் கழற்றாமல், “எம் மருமகளுக்குக் கல்யாணம்னு எனக்குப் போன்ல சொல்லுவியாண்ணே? வெத்தலை பாக்கோட எம் வாசப்படி மிதிக்க ஒனக்கு அம்புட்டுக் கஷ்டமா?” என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார். அதைத் திறந்தாயா என்று அப்பா பதறினார். நேரில் வந்து அழைக்காத கல்யாணத்தை நான் எதற்குத் திறந்து பார்க்க வேண்டும் என்று அத்தை சீறினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அறுநூறு பேரும் தப்பித்தது அவர் ரோசத்தால்தான். நெருங்கிய சொந்தம் முதலில் திறக்கும் என்பது உன் கணக்கு. அதில் கோபித்துக்கொண்ட சொந்தத்துக்கும் ஓர் எண் போட்டுக்கொள்.

கல்யாணமே இல்லை, எல்லாம் புழுவின் வேலை என்று விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அத்தை சமையலறைக்குள் வந்து குழம்பில் உப்பில்லை என்றார். அப்பா எத்தனையோ நாள் கழித்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அழகுபாண்டிக்கு உசிலம்பட்டியில் பெண் பார்த்தாயிற்றாம். பழசைப் பேச வரவில்லை என்றார் அத்தை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மனதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய்தான். ஆராய்ச்சியைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் கிரீஷ் என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. அந்தப் பையன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்பாவும் அத்தையும் அதை வேறு யார் வாயிலாகவும் கேள்விப்படக் கூடாது, அஸ்வினி. இன்னொரு மூன்று வருடத்தை அப்பா தாங்கமாட்டார்.

நீ நினைத்தது நல்லபடி நடக்க அழகர் துணையிருக்கட்டும். பொங்கலுக்கு வா. டிக்கெட் ஒன்றா இரண்டா என்று மட்டும் முன்கூட்டியே எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
பாண்டிச்செல்வி