ஹில்டாவைக் கேட்டார்கள்

கார்வர் ஜங்ஷன், கன்சாஸ்
9-3-1979

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தாவீது எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது?

இது ரயிலால் பிறந்த ஊர். நூறு வருஷத்து ஸ்டேஷன், செங்கல் பேங்கு, எதிரே ரயில்காரர்கள் தங்கிய ஓட்டல். இவற்றைக் காப்பாற்ற ஒரு கமிட்டி, நானும் மெம்பர். சனிக்கிழமைதோறும் ஸ்டேஷன் கதவில் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறேன். அடியில் என்ன நிறமோ அதையே திரும்பப் பூச வேண்டுமாம்! ஓட்டலை இடிக்க முதலாளி பார்த்தான். இங்கே வாசலில் நோட்டீஸ் ஒட்டி, அறுபது நாள் பொறுத்து, குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும். மாடியில் ஹில்டா என்று ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். அவள் மாட்டேன் என்றாள். முதலாளி இடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டான்.

சொல்ல மறந்துவிட்டேன். அப்பா என் பேருக்கு எழுதிவைத்த நம் வீடு ஒழுகுகிறது, இடித்துக் கடை கட்டலாம் என்று நம் அத்தை மகன் அய்யாத்துரை அத்தான் பத்திரம் அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீ உங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் விடுதியில் தங்கிக்கொள்ளலாமாம்.

உன் தம்பி,
தாவீது

சங்கரன்கோவில்
2-4-1979

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அத்தான் கடப்பாரை ஆட்களோடு வந்துவிட்டார். நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன்.

"தம்பி கையெழுத்துப் போட்டாச்சு, ஞானம். நீ எதுக்கு வாசல்ல நின்னு மறிக்க?" என்றார்.

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

"உன்ட்ட எதுக்குக் கேக்கணும்? வீடு அவன் பேர்லல்லா இருக்கு!"

பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள்தான் என் பெட்டியையும் பாத்திரங்களையும் வெளியே தூக்கிவைத்தாள். அந்த ஹில்டா கிழவிக்கு அறுபது நாள். எனக்கு அரை நாள்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருந்தவளடா நான். உன்னைப் படிக்கவைத்து அனுப்பியதும் அங்கிருந்துதான். இப்போது ஐம்பத்தொரு வயதில், விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை.

அக்கா,
ஞானபூரணம்

கார்வர் ஜங்ஷன்
20-5-1979

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு வருந்தினேன். அத்தான் இவ்வளவு அவசரப்படுவார் என்று நினைக்கவில்லை. கோபம் தணிந்தால் நல்லதுக்குத்தான் என்று உனக்கே புரியும்.

ஸ்டேஷன் நூற்றாண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்கிறோம். கமிட்டிக்காரர்கள் அவரவர் பிறந்த வீட்டுப் படத்தை மாட்ட வேண்டும். நம் வீட்டுப் படம் இருந்தால் உடனே அனுப்பு. முகப்பு நன்றாகத் தெரிய வேண்டும்.

தாவீது

டீச்சர்மார் விடுதி, சங்கரன்கோவில்
11-6-1979

தாவீதுக்கு,

படம் இருக்கிறது. அப்பா, அம்மாவோடு நாம் இரண்டு பேரும் முகப்பில் நிற்கிறோம். அதை அனுப்ப மாட்டேன்.

இனி எனக்குக் கடிதம் போடாதே. வந்தால் திருப்பி அனுப்பும்படி தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த மழைக்கு அந்த வீடு தாங்கியிருக்காது என்று எனக்கும் தெரியும். இடிக்கலாமா அக்கா என்று நீ ஒரு வரி கேட்டிருந்தால், சரி என்றுதான் எழுதியிருப்பேன்.

ஞானபூரணம்