ஏழாவது கேள்வி

பிப்ரவரி 6

என் கண்ணாடிக்கடைக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே பனி விலகவே பத்து மணியாகிறது. பல்கலைக்கழகமே அரைத் தூக்கத்தில் மிதக்கிறது. நூலகத்தில் பிள்ளைகள் திறந்த புத்தகத்தின் மேல் கன்னம் வைத்து உறங்குகிறார்கள். அவர்களை எழுப்பி, படிப்பை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்று கேள்வித்தாளை நீட்டுவதுதான் என் ஆராய்ச்சி. பாதிப் பேர், “நாளைக்குத் தர்றேன் மேடம்” என்கிறார்கள். அடப்பாவிகளா!

அது கிடக்கட்டும். என் வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் இங்கே வந்துவிட்டால்தான் சரி என்பேன். வருகிறீர்களா?

உங்கள் மனைவி

பிப்ரவரி 11

கேள்வி கேட்கும் அம்மணிக்கு,

சாப்பிடுகிறேன், ருசிதான் தெரியவில்லை. மதிய வெயிலில் கடைக் கண்ணாடிகள் எல்லாம் மினுங்கும்போது, எதிர் நாற்காலியில் நீ உட்கார்ந்து கண் பரிசோதனை எழுத்துப் பலகையை வேண்டுமென்றே தப்பாகப் படிப்பதுபோல இருக்கிறது. நேற்று, “ஒழுங்கா படிடி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்!

வருவதைப் பற்றிக் கேட்டாய். கடையை என்ன செய்வது? பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

உங்களுக்கு,

என் ஏழாவது கேள்வி கவிழ்ந்துவிட்டது. ‘படிக்க வேண்டியதை அப்புறம் பார்க்கலாம் என்று விடுவேன்’ என்று எழுதியிருந்தேன். “பார்க்கலாம்னா கண்டிப்பா செய்வேன்னுதானே அர்த்தம்?” என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவன் சிரித்தான். “செய்யமாட்டேன்னு மரியாதையா சொல்றது மேடம்!”

தள்ளிப்போடுவதை அளக்கலாம். மாட்டேன் என்பதை என்னவென்று அளப்பது? அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அதிலும் கடைசிச் சொல் ‘பார்க்கலாம்’தான்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. கோபமாகத்தான் எழுதுகிறேன். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அந்தச் சொல் மட்டும் வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருப்பவள்

பிப்ரவரி 23

என் தங்கத்துக்கு,

அந்தப் பையன் சொன்னது சரி. மாட்டேன் என்று சொல்லப் பயந்துதான் அப்படி எழுதினேன். உன் கடிதம் வந்ததும் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ‘வரவில்லை’ என்று எழுதக் கைதான் வரவில்லை.

கடைச்சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே” என்றார். நீ தைரியமாகச் சரி சொல்லு. ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். பனியில் முகம் தெரியாது, நீ ஊதா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா.

ஸ்டேஷனில் பார்க்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே, இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

உன்னவன்