முட்டை வண்டிக்காரன் மகள்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் அது எப்போதும் அவள் தலையணைக்கடியில் கிடக்கிறது, அதனால்தான் கடிதம்.

முதலில் சிரிக்கிற விஷயம். பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நீ அட்டை பிடித்து நிற்கிற படம் அனுப்பினாயே, அதைப் பெரிதாக அச்சடித்து என் வண்டிக் கண்ணாடியில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டிக்கொண்டேன். அட்டையில் இருந்தது நீ படிக்கிற ஊர் எழுத்து, எனக்கு அது எறும்பு ஊர்ந்த தடம்தான், ஏதோ பரிசு வாங்கியிருக்கிறாய் என்று நினைத்து முட்டை இறக்குகிற கடையிலெல்லாம் காட்டினேன். அப்புறம் ஒருநாள், அந்தப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த கிடங்கு மேலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு, "யோவ், முட்டை, பால், கறி எல்லாத்தையும் விடுங்கன்னு எழுதியிருக்குய்யா, இதை முட்டை வண்டியில ஒட்டிக்கிட்டுத் திரியிறியே, உன் பொண்ணு கோடாரிக்காம்புய்யா" என்றார். கிடங்கே சிரித்தது, நானும் சிரித்தேன். கிழித்துப் போடச் சொன்னார். கிழிக்க மனசு வராமல் உள்பக்கம் திருப்பி ஒட்டிவிட்டேன், இப்போது எனக்கு மட்டும் தெரிகிறாய்.

இனிமேல் சிரிப்பில்லை. காலையிலிருந்து கால் கடுக்க நின்றும், இதையெல்லாம் விடுகிறேன் என்று ஒருத்தர்கூட உன் தாளில் பேர் எழுதவில்லை, துண்டுத்தாளை வாங்கிக் குப்பையில் போடுகிறார்கள் என்று ஒருநாள் போனில் அழுதாயே, அப்போது அம்மா, "நான் விட்டுட்டேன்டி, என் பேரை மொதல்ல எழுதிக்கோ" என்றாள். நாம் இரண்டு பேரும் அதை ஆறுதல் வார்த்தை என்று நினைத்தோம். அவள் வார்த்தை என்றால் வார்த்தை. அதற்கப்புறம்தான் வயிற்று ஆபரேஷன் வந்தது. உன்னிடம் தேறிவிட்டேன் என்கிறாள், தேறவில்லை அம்மாடி. போனை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு முகம் காட்டிப் பேசுகிறாளே, அது கன்னம் உப்பித் தெரியத்தான். சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தும் தோளில் நிற்கவில்லை, மோதிரத்துக்கு நூல் சுற்றியும் விரலில் நிற்கவில்லை. குடல் ஆறும்வரை பருப்பு, பயறு எதுவும் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது, முட்டை கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. அங்கே நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து கஞ்சித் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். கிடங்கில் கொடுக்கிற கீறல் முட்டையை வழக்கம்போல் கொண்டுவருகிறேன், பக்கத்து வீட்டு நாய் தின்று மினுமினுவென்று ஆகிவிட்டது, என்னைக் கண்டால் மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை மாதிரி எழுந்து நிற்கிறது.

ஒருநாள் கஞ்சியில் வெள்ளைக்கருவைக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததுமே கிண்ணத்தை நகர்த்தினாள். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, திட்டவில்லை. "அவ சொல்லி ஒருத்தராவது கேட்டாங்கன்னு இருக்கட்டுமேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் நாய்க்கு ஊற்றினேன்.

நீ செய்வது தப்பென்று சொல்ல நான் யார். கூண்டுக்குள் கோழிகள் திரும்பக்கூட இடமில்லாமல் நிற்பதைத் தினமும் பார்ப்பவன், பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறவன். அதனால் உன்னை விடச் சொல்லிக் கேட்கவில்லை. உன் தாளில் அம்மா பேரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பேரை எழுதிக்கொள். ஆள் குறையாது. நேற்றிலிருந்து நான் விட்டாயிற்று, முட்டை வண்டிக்காரன் முட்டை தின்பதில்லை என்று கிடங்கு இன்னும் ஒரு வருஷம் சிரித்துக்கொள்ளட்டும். "உனக்குப் பதில் அப்பா வந்துவிட்டார், நீ சாப்பிடு" என்று அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும், நான் சொன்னால் எடுபடாது. அவள் மெலிந்ததை எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

நீ நினைத்தது நடக்கட்டும், உன் தாள் பேர்களால் நிறையட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. கடிதம் கண்ட அன்றைக்கே கூப்பிடு, ஆறப்போடாதே, சாயங்காலம்தான் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாள். கீறல் விழாத முட்டையாகப் பார்த்து ஒன்று வாங்கி அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
அப்பா