பக்கவண்டிக்கு ஒரு திரை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர், 1913

அன்புள்ள அஸ்மத்,

ஸலாம். மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். “மொதல்ல கார்பைட் வெளக்கு போடு, அப்புறம் ஹாரன்” என்கிறான் கடைக் கூட்டாளி ஒலி முகம்மது. இரண்டும் பிறகு பார்க்கலாமென்று, இன்னொரு ஆள் உட்காரும் பக்கவண்டியைத்தான் மாட்டச் சொன்னேன். இருட்டுமுன் வீடு திரும்புகிறவனுக்கு விளக்கு எதற்கு?

நம்மூர்க் கூண்டு வண்டிக்குக் கட்டுவதுபோல அதற்குப் பச்சைத் திரையும் கட்டினேன். காற்று புகுந்து திரை கப்பல் பாய் மாதிரி உப்பி, வண்டியைச் சாக்கடைப் பக்கம் இழுத்துவிட்டது. ஒலி சிரித்த சிரிப்பு! “உள்ள ஆளே இல்லாம யாருக்குடா கோஷா?” என்றான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. திரையையும் அவிழ்க்கவில்லை.

கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. தினமும் அசர் தொழுததும் பாசிர் பாஞ்சாங் வரை ஓட்டிப்போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

மகளைக் கடல் தாண்டி அனுப்புவதில்லை என்று உன் வாப்பா எழுதியது கிடைத்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். திரைக்கு வேறு நிறம் வேண்டுமானால் எழுது.

காலியாகப் போனால் வளைவில் பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்கிறது. அதனால் உன் இடத்தில் அரை மூட்டை அரிசியை வைத்துக் கட்டியிருக்கிறேன்.

உன் மச்சான்